இடம் மாறினால் வழக்கு மாறும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில் எலவனாசூர்கோட்டை பக்கம் ஒரு சின்ன விபத்து என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் அடியில்லை. ஓர் ஆட்டோவின் பின்பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறது. டீக்கடையில் நின்றவர், "லாரி ஆட்டோவை இடிச்சிடுச்சு" என்கிறார். பக்கத்தில் நிற்பவர், "ஆமாங்க, ஆட்டோவை லாரி இடிச்சிடுச்சு" என்று ஒத்துப்பாடுகிறார். இருவர் சொன்னதும் ஒரே சாட்சி.

நஷ்டஈடு கேட்கும் இன்சூரன்ஸ் படிவமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆட்டோக்காரரின் மகன் இரண்டாமவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதுகிறான்: 'தி ஆட்டோ தி லாரி ஹிட்.' எங்கேயோ இடிக்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் வினைச்சொல்லை நடுவில் தூக்கி வைக்கிறார்: 'தி ஆட்டோ ஹிட் தி லாரி.' இப்போது இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. குற்றவாளிதான் மாறிவிட்டார். ஆட்டோ போய் லாரியை இடித்ததாக ஆட்டோக்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறார்.

இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு விபத்தைச் சுற்றித்தான்.

மேலே போகுமுன் ஒரு விஷயம். ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டலைக் கண்டு மிரளுகிற மனசு வாக்கியத்தின் வரிசையைக் கவனிக்காது. முதலில் வரிசை காதில் விழட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, படித்த வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

ஒற்றை எழுத்து செய்கிற வேலை

'ஆட்டோவை' என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கிற 'ஐ' என்ற உருபைப் பாருங்கள். இடிபட்டது யார் என்று அது சொல்லிவிடுகிறது. அந்தச் சொல்லை வாக்கியத்தின் தலையில் வையுங்கள், நடுவில் வையுங்கள், பேச்சு வாக்கில் "இடிச்சிடுச்சுங்க லாரி, ஆட்டோவை" என்று கடைசியில் கூட வையுங்கள், ஆட்டோதான் நசுங்கியது. நம் இலக்கணம் இதை இரண்டாம் வேற்றுமை என்கிறது. எழுவாய்க்கு உருபு கிடையாது. உருபில்லாமல் நிற்பதே அதற்கு அடையாளம்.

ஆங்கிலத்தில் இந்த 'ஐ' இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட விகுதிகள் இருந்தன. அப்போது சொற்களை இடம் மாற்றிப் போடவும் முடிந்தது. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. 'ஹி–ஹிம்', 'தே–தெம்' போன்ற ஒருசில சொற்களில்தான் மிச்சம் தங்கியிருக்கிறது. உருபு போன பிறகு, யார் செய்தார், யாருக்கு ஆயிற்று என்பதைச் சொல்ல ஒரே வழி, உட்கார்ந்திருக்கும் இடம். வினைக்கு முன்னால் இருப்பவர் செய்தவர். வினைக்கு அடுத்து இருப்பவர் செயலை வாங்கிக்கொண்டவர். 'தி லாரி ஹிட் தி ஆட்டோ.' முன்பதிவு செய்த பஸ் மாதிரி: சீட் நம்பர்தான் கணக்கு, ஆளின் முகம் கணக்கில்லை.

இதை ஒரு இரட்டை உதாரணத்தில் பார்த்தால் மனதில் நன்றாகப் பதியும். 'அவன் தங்கைக்கு ஒரு பேனா கொடுத்தான்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். 'ஹி கேவ் ஹிஸ் சிஸ்டர் எ பென்.' 'ஹி கேவ் எ பென் டு ஹிஸ் சிஸ்டர்.' முதலாவதில் தங்கை வினைக்குப் பக்கத்துச் சீட்டில் இருக்கிறாள். இடமே சொல்லிவிடுவதால் 'கு' வேலையைச் செய்ய எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. இரண்டாவதில் பேனா அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டது. தள்ளிப்போன தங்கைக்கு 'டு' என்று ஒரு துணைச்சொல் வேண்டியிருக்கிறது. இடம் இருந்தால் உருபு வேண்டாம், இடம் போனால் உருபு வேண்டும்.

காலி நாற்காலி

தமிழில் "வந்தேன்" என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். வந்தது நான்தான் என்று 'ஏன்' விகுதி சொல்கிறது. இதைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் சொன்னால், 'வந்த அந்த ஆள் யார்?' என்று எதிரே இருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். ஐ, ஹி, தே என்று யாரையாவது முதல் நாற்காலியில் உட்காரவைத்தே ஆகவேண்டும்.

உட்காரவைக்க ஆளே இல்லாதபோதும் அது காலியாக இருக்கக் கூடாது. 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் 'இட்' எதைக் குறிக்கிறது? எதையும் குறிக்கவில்லை. கல்யாண வீட்டில் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தத் துண்டுதான் இந்த 'இட்'. 'எங்கள் ஊரில் ஒரு பழைய கோயில் இருக்கிறது' என்பதற்கு 'தேர் இஸ் அன் ஓல்ட் டெம்பிள் இன் அவர் டவுன்' என்கிறோம். அங்கே 'தேர்' துண்டு. 'மலையில் மழை பெய்தால் கோமுகி அணை நிரம்பும்' என்றால், 'இஃப் இட் ரெய்ன்ஸ் இன் தி ஹில்ஸ், தி கோமுகி டேம் ஃபில்ஸ்.' கல்வராயன் மலையில் பெய்கிற மழைக்கும் ஒரு 'இட்' வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இன்னொன்று. நம் பேச்சில் ஒரு நாளைக்கு எத்தனை 'எனக்கு' வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தமிழ் தெரியும். எனக்கு இந்தப் பேனா பிடிக்கும். எனக்கு இரண்டு தம்பிகள். எனக்குக் காய்ச்சல். எனக்கு ஒரு வேலை வேண்டும். பசியும் காய்ச்சலும் தம்பிகளும் நம்மிடம் வந்து சேர்கின்றன. நாம் நான்காம் வேற்றுமையில் அமைதியாக நிற்கிறோம். ஆங்கிலம் அப்படி நிற்க விடாது. அந்த 'எனக்கு' எல்லாம் 'ஐ' ஆகி முதல் நாற்காலிக்கு வரவேண்டும்: ஐ ஆம் ஹங்கிரி. ஐ நோ தமிழ். ஐ லைக் திஸ் பென். ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ். ஐ ஹேவ் ஃபீவர். ஐ நீட் எ ஜாப். என் வகுப்புக்கு வந்த பலர் 'டு மீ' அல்லது 'ஃபார் மீ' என்று தொடங்கிவிட்டு நடுவில் சிக்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த மருந்து ஒன்றுதான். ஒரு வாரம், 'எனக்கு' என்று வாயில் வரும்போதெல்லாம் மனதுக்குள் 'ஐ' என்று சொல்லிக்கொள்ளுங்கள். இலக்கண விதியை மனப்பாடம் செய்வதைவிட இது சீக்கிரம் வேலை செய்தது.

இரண்டாவது நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழு வாக்கியம். பெயரே பயனிலையாக நின்றுவிடும். 'ஹி டீச்சர்' என்பது ஆங்கிலத்தில் அறுந்த செருப்பு. நடுவில் 'இஸ்' வைத்துத் தைக்கவேண்டும்: 'ஹி இஸ் எ டீச்சர்.' 'என் ஊர் எலவனாசூர்கோட்டை' என்பதும் அப்படியே: 'மை டவுன் இஸ் எலவனாசூர்கோட்டை.' இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் சிலர் எல்லா இடத்திலும் தையல் போட்டு 'ஐ ஆம் லைக் காபி', 'ஐ ஆம் கோ' என்பார்கள். லைக், கோ இரண்டும் வினைச்சொற்கள். ஏற்கெனவே சீட்டில் ஆள் இருக்கிறது. மடியில் இன்னொருவரை உட்காரவைக்காதீர்கள்.

கவிழ்த்துப் போடும் முறை

நீளமான வாக்கியத்துக்கு வருவோம்.

நான் / நேற்று காலை / உளுந்தூர்பேட்டையிலிருந்து / பஸ்ஸில் / கள்ளக்குறிச்சிக்கு / போனேன்.

முதல் பெட்டியான 'நான்' என்பதைத் தொடாதீர்கள். மீதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எடுத்து வையுங்கள்.

ஐ / வென்ட் / டு கள்ளக்குறிச்சி / பை பஸ் / ஃப்ரம் உளுந்தூர்பேட்டை / யெஸ்டர்டே மார்னிங்.

அவ்வளவுதான். கூர்ந்து பார்த்தால் உருபு ஒட்டிய ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதே கவிழ்ப்பு நடந்திருக்கிறது. 'கள்ளக்குறிச்சி'க்குப் பின்னால் ஒட்டியிருந்த 'கு' முன்னால் வந்து 'டு' ஆயிற்று. 'இலிருந்து' முன்னால் வந்து 'ஃப்ரம்' ஆயிற்று. தமிழில் தலைமைச் சொல் எப்போதும் கடைசியில் வரும், அதற்குரிய விவரங்கள் முன்னால் வரிசைகட்டி வரும். ஆங்கிலத்தில் தலைமை முன்னால் போகும், விவரங்கள் பின்னால் வால்பிடித்து வரும்.

முகவரியில் இந்தக் குணம் பளிச்சென்று தெரியும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் ஊரைச் சொல்லும்போது மண்டலம், வளநாடு, நாடு, பிறகு ஊர் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்குவார்கள். இன்றும் வெளியூரில் யாராவது கேட்டால், "கள்ளக்குறிச்சி மாவட்டத்துல, உளுந்தூர்பேட்டை தாலுகாவுல, எலவனாசூர்கோட்டைங்க" என்றுதான் வாய் தானாகச் சொல்கிறது. (2019 நவம்பருக்கு முன் மாவட்டம் விழுப்புரமாக இருந்தது, வரிசை மட்டும் இதேதான்.) தபால் உறையில் ஆங்கில முறைப்படி எழுதும்போது கதவு எண்ணில் தொடங்கித் தெரு, ஊர், தாலுகா, மாவட்டம் என்று ஏறுகிறோம். உங்கள் கை ஏற்கெனவே ஆங்கில வாக்கிய வரிசைக்குப் பழகியிருக்கிறது, வாய்தான் பழகவேண்டும்.

இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கும் பிரயோகிக்க வேண்டாம். அடைமொழிகள் கவிழாது: 'பெரிய பழைய கோயில்' ஆங்கிலத்திலும் 'பிக் ஓல்ட் டெம்பிள்'தான். 'நேற்று காலை' என்பதும் அதே வரிசையில் நிற்கும். காலத்தை அழுத்திச் சொல்லவேண்டும் என்றால் 'யெஸ்டர்டே' வாக்கியத்தின் தலைக்கே போகலாம். அது ஒரு காற்புள்ளியோடு வாசலில் நிற்கிற விருந்தாளி, நாற்காலிகளைத் தொந்தரவு செய்யாது.

புலி கொல் யானை

தமிழிலும் உருபு மறையும் இடங்கள் உண்டு; அங்கே நாமும் திண்டாடுவோம். பழைய உரையாசிரியர்கள் காட்டும் 'புலி கொல் யானை' என்ற உதாரணம் பெயர்பெற்றது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டு பொருளும் வரும். இப்படித் தடுமாறுவதற்குத் தொல்காப்பியம் 'தடுமாறு தொழிற்பெயர்' என்று பெயரே வைத்திருக்கிறது.

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'தி எலிஃபன்ட் தட் கில்ட் தி டைகர்.' யானை ஜெயித்தது. 'தி எலிஃபன்ட் தட் தி டைகர் கில்ட்.' யானை போயிற்று. சொற்கள் அதே சொற்கள்தான். 'தட்'டுக்குப் பிறகு வினைக்கு முன் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் போதும். முன்னால் யாரும் இல்லையென்றால் செய்தது யானையே. நம் மொழி தடுமாறிய இடத்தில் ஆங்கிலம் தடுமாறவில்லை. லாரி விபத்தில் நாம் தடுமாறாமல் நின்றதற்கு அது சரியாகப் போயிற்று.

பெயரெச்சத் தொடர்களை ஆங்கிலமாக்க இதுவே அடிப்படை. எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்கு 'ஊர்ப்பாகங் கொண்டருளிய மகாதேவர்' என்று பெயர். இன்று வழங்கும் கிராம அர்த்தநாதீஸ்வரர் என்ற பெயரும் அதன் சமஸ்கிருத வடிவம்தான். தமிழ்ப் பெயரில் 'மகாதேவர்' கடைசியில் வருகிறார். என்ன செய்தவர் என்ற செய்தி அவருக்கு முன்னால் கட்டியம் கூறிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் சாமி முதலில் வந்துவிடுவார், கட்டியம் பின்னால் வரும்: 'தி லார்ட் ஹூ டுக் எ ஷேர் ஆஃப் தி வில்லேஜ்.' 'நேற்று வந்த பையன்' என்றால் 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. 'அக்கா வாங்கிய புடவை' என்றால் 'தி சாரி தட் மை சிஸ்டர் பாட்'. நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து அதிலுள்ள 'வந்த, வாங்கிய, கட்டிய, சொன்ன' போன்ற எச்சங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் திருப்பிப் பாருங்கள். பத்து செய்திக்குள் கை வந்துவிடும்.

பரீட்சைக்கு

டி.என்.பி.எஸ்.சி. பொது ஆங்கிலத்துக்குத் தயாராகிறவர்கள் எஸ், வி, ஓ, சி, ஏ என்ற ஐந்து எழுத்தைத் தெரிந்துவைத்திருப்பீர்கள். எழுவாய், வினை, செயப்படுபொருள், நிரப்பி, அடை. குழப்பம் வருவது ஓ–வுக்கும் சி–க்கும் நடுவில்தான். 'ஷி மெட் எ நர்ஸ்', 'ஷி பிகேம் எ நர்ஸ்' இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வினையைத் தூக்கிவிட்டு அங்கே சமக்குறி போடுங்கள். அவளும் நர்ஸும் ஒரே ஆளா? முதலாவதில் இல்லை, ஆகவே ஓ. இரண்டாவதில் ஆம்; ஆகவே சி. 'வி மேட் ஹிம் லீடர்' என்பதில் அவனும் லீடரும் ஒரே ஆள், எனவே அது எஸ் வி ஓ சி. 'ஹி ஸ்லெப்ட் டூ அவர்ஸ்' என்பதில் இரண்டு மணி நேரம் செயப்படுபொருள் போல வேஷம் போடும். எதைத் தூங்கினான் என்று கேட்க முடியாது, எவ்வளவு நேரம் என்றுதான் கேட்கமுடியும், ஆகவே ஏ. பேனா கொடுத்தவன் வாக்கியத்தில் தங்கை மறைமுக ஓ, பேனா நேரடி ஓ. பரீட்சைக்கு இது போதும். மேலே மெனக்கெட வேண்டாம்.

கேள்வி கேட்பது

நம் 'ஆ' ஒரு அதிசயப் பொடி. எந்தச் சொல்மேல் தூவினாலும் அந்தச் சொல் கேள்வியாகும். 'லாரியா ஆட்டோவை இடித்தது?' 'லாரி ஆட்டோவையா இடித்தது?' 'இடித்ததா?' ஆங்கிலத்தில் அதற்கும் இடம்தான் வழி. துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவர வேண்டும்: 'டிட் தி லாரி ஹிட் தி ஆட்டோ?' லாரியா என்று அழுத்திக் கேட்க, 'வாஸ் இட் தி லாரி தட் ஹிட் தி ஆட்டோ?' கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் துணைவினை பழைய இடத்துக்கே திரும்பிவிடும்: 'வேர் இஸ் ஹி?' என்பது கேள்வி, ஆனால் 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.' ஆங்கில வழியில் படித்தவர்களும் இங்கே வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்படிப் பழகுவது

வாக்கிய அமைப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற சண்டை இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. 1959இல் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஆசிரியர்களுக்கு ஒரு பெரிய பயிற்சி தொடங்கியது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அதன் வழி. பயிற்சி பெற்றவர் பலருக்கும், அவர்கள் இன்னும் பலருக்கும் கற்றுத்தர வேண்டும் என்பதால் அதற்குப் 'பனிப்பந்து' என்று பெயர் விழுந்தது. இருபது வருஷம் கழித்து, 1979இல், ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ்.பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் நேரெதிரான சோதனையைத் தொடங்கினார். இலக்கணத்தை வெளிப்படையாகச் சொல்லித்தராமல், ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடவைத்தார். மொழி அந்த வேலையின் போக்கில் வந்து சேரும் என்பது அவர் கட்சி.

என்னைக் கேட்டால், பெரியவர்களுக்கு இரண்டும் வேண்டும். சீட் நம்பரை ஒருமுறையாவது யாராவது காட்டவேண்டும். அதன் பிறகு பஸ்ஸில் ஏறிப் போய்த்தான் பழக்கம் வரும். உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் காத்திருக்கும் அரைமணி நேரத்தில், புறப்படும் ஒவ்வொரு பஸ்ஸையும் பற்றி மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். 'திஸ் பஸ் கோஸ் டு சேலம்.' 'தட் பஸ் கேம் ஃப்ரம் விருத்தாசலம்.' 'தி கண்டக்டர் ஹூ இஸ் ஸ்டேண்டிங் நியர் தி டோர் ஹேஸ் நோ சேஞ்ச்.' சத்தமாகச் சொல்ல வேண்டாம், அதுவும் கண்டக்டர் காதில் விழும்படி.

இனி நான்கு வாக்கியம். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே செய்து பாருங்கள்.

எனக்கு இந்த ஊர் பிடிக்கும். – ஐ லைக் திஸ் டவுன்.

நேற்று மலையில் மழை பெய்தது. – இட் ரெய்ன்ட் இன் தி ஹில்ஸ் யெஸ்டர்டே.

என் அக்கா கள்ளக்குறிச்சியில் நர்ஸாக வேலை செய்கிறார். – மை சிஸ்டர் ஒர்க்ஸ் அஸ் எ நர்ஸ் இன் கள்ளக்குறிச்சி.

லாரி இடித்த ஆட்டோ கடைக்கு முன்னால் நிற்கிறது. – தி ஆட்டோ தட் தி லாரி ஹிட் இஸ் ஸ்டேண்டிங் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி ஷாப்.

முதலிரண்டில் தவறியிருந்தால் காலி நாற்காலிப் பகுதியைத் திரும்பப் படியுங்கள். மூன்றாவதில் 'அஸ் எ நர்ஸ்', 'இன் கள்ளக்குறிச்சி' இரண்டும் முன்பின்னாகியிருந்தால் பரவாயில்லை, கேட்பவருக்குப் புரியும். நான்காவதில் 'தட்'டுக்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'ஹிட் தி லாரி' என்று இருந்தால், அந்த இன்சூரன்ஸ் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.